அந்தோணியின் மூச்சுக்குழாய்

மயக்க மருந்துத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் நோயாளிகள் கேட்கப்போகும் முதல் கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும். "டாக்டர் எப்ப வருவாருங்க?" நான்தான் டாக்டர் என்று சொன்னால் பாதிப்பேர் நம்பமாட்டார்கள். மீதிப்பேர், "அது சரிங்க, ஆபரேஷன் பண்றவரு?" என்பார்கள். இதற்கெல்லாம் முகம் வாடினால் இந்தத் தொழிலில் காலம் தள்ள முடியாது. ஓசூரில் நான் வேலை பார்த்த காலம் முழுக்க என் பெயர் "தூங்க வெக்கிற மேடம்"தான். நான் எழுப்பியும் விட்டேன் என்பதை ஒருவரும் நினைவு வைத்துக்கொள்ளவில்லை. வைத்துக்கொள்ளவும் வேண்டாம், வீடு போய்ச் சேர்ந்தால் போதும்.

நீங்கள் என்னிடம் கேட்டது நெருக்கடியில் எப்படி முடிவெடுப்பது என்று. அதற்குப் பாடம் எழுத எனக்குத் தெரியாது. ஒரே ஒரு ஆபரேஷனைப் பற்றிச் சொல்கிறேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அந்தோணி என்பவர் பேரிகைச் சந்தையில் ஏலம் கூவுகிறவர். தக்காளி, கொத்தமல்லி, பீன்ஸ், எது வந்தாலும் குவியலுக்கு முன்னால் நின்று விலை கூவுவார். பேரிகையைத் தாண்டினால் கர்நாடகம் கூப்பிடு தூரம். சந்தைக்கு வருகிறவர்களில் தமிழ் பேசுகிறவர், தெலுங்கு பேசுகிறவர், கன்னடம் பேசுகிறவர் எல்லோரும் உண்டு. அந்தோணி மூன்றிலும் கூவுவார். மைக் இல்லாமல் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும் குரல் என்று சொன்னார்கள். நான் அவரைப் பார்த்தபோது அந்தக் குரல் இல்லை.

தக்காளி ஏற்றிய வண்டி சூளகிரிப் பக்கம் கவிழ்ந்ததில் அடிபட்டு, வாரக்கணக்கில் வென்டிலேட்டரில் கிடந்து பிழைத்தவர். உயிரைக் காப்பாற்றிய குழாயே மூச்சுக்குழாயைப் புண்ணாக்கிவிட்டது. இது யார் தவறும் இல்லை. சிலருக்கு அப்படி ஆகும். புண் ஆறும்போது வழி சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் அடைந்துபோனது. அந்தப் பகுதியை வெட்டியெடுத்து இரு முனைகளையும் இணைத்துப் பார்த்தார்கள். அதுவும் தழும்பேறிச் சுருங்கியது. தொண்டையின் கீழே ஓட்டை போட்டுச் சிறு குழாய் வைத்திருந்தார்கள். மூச்சு அந்த ஓட்டை வழியாகவே போய்வந்தது. மேலே குரல்வளைக்குக் காற்றே போகாததால் சத்தம் எழவில்லை. உதடு மட்டும் அசையும்.

அந்த உதட்டைப் படித்துச் சொல்ல அவர் மனைவி ஸ்டெல்லா இருந்தார். ஓசூரில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் வேலை. ஷிப்ட் முடிந்து கம்பெனிச் சட்டையோடு வருவார். அந்தோணி உதட்டை அசைக்க, அவர் எங்களுக்குச் சொல்ல, சில சமயம் அந்தோணி இல்லை இல்லை என்று தலையை ஆட்டுவார்.

"நான் கொஞ்சம் சேத்துச் சொல்லிட்டேனாம் மேடம், கோச்சிக்கிறாரு" என்று ஸ்டெல்லா சிரித்தார். "இவருக்குப் பேச்சு போனதுல எனக்கு ஒரே ஒரு லாபம்தாங்க. வீட்டுல சண்டைன்னா நாந்தான் ஜெயிக்கிறேன்."

சொல்லிவிட்டு அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிப்புக்கு அடியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரிந்தது.

எங்கள் அறுவை மருத்துவரின் பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் என்னோடு பேசமாட்டார். என்னைவிட வயதில் சிறியவர். வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ், கோபம் வந்தால் எந்த மொழியும் இல்லை, மௌனம்தான். மூச்சுப்பாதை சீரமைப்பில் கை தேர்ந்தவர். அந்தோணிக்கு இனி வெட்டி இணைக்க இடமில்லை, இழுத்தால் எட்டாது என்று அவர் கண்டுகொண்டார். மிச்சமிருந்தது ஒரே வழி. இறந்த ஒருவரின் உடலிலிருந்து தானமாகப் பெற்று, திசு வங்கியில் உறைய வைத்திருக்கும் மகாதமனியில் ஒரு துண்டு. நெஞ்சிலிருந்து வயிற்றுக்கு இறங்கும் அந்தப் பெரிய ரத்தக்குழாயை மூச்சுக்குழாய் இருந்த இடத்தில் வைத்துத் தைப்பது. அது மடங்கிவிடாமல் உள்ளே ஒரு தாங்குகுழாய், அதாவது ஸ்டென்ட், வைப்பது. மாதங்கள் போகப்போக உடம்பு அதை ஏற்றுக்கொண்டு, தன் சவ்வை அதன்மேல் படரவிடும் என்று நம்புவது.

உலகத்திலேயே அபூர்வமாகச் செய்கிற காரியம். வேண்டிய அனுமதிகள் எல்லாம் வாங்கிய பிறகு அவர் அந்தோணியிடமும் ஸ்டெல்லாவிடமும் எதையும் மறைக்காமல் சொன்னார். கூடிவந்தால் குரல் வரும், ஓட்டையை மூடலாம். கூடிவராவிட்டால் ஓட்டையோடு போகவேண்டியதுதான். உயிருக்கும் ஆபத்து உண்டு.

அந்தோணி உதட்டை அசைத்தார்.

"சரக்குக்காரங்க ஒத்துக்கிட்டாங்களான்னு கேக்குறாருங்க" என்றார் ஸ்டெல்லா.

எங்கள் இருவருக்கும் புரியவில்லை. ஸ்டெல்லாதான் விளக்கினார். பேரிகைச் சந்தையில் ஒரு குவியலுக்கு விலை நின்றதும் உடனே முடித்துவிட முடியாது. கூவுகிறவர் சரக்கு யாருடையது என்று மூன்று மொழியிலும் கூப்பிடவேண்டும். கூட்டத்தில் எங்கோ நிற்கும் விவசாயி, தன் மொழியில் "ஆகட்டும்" என்றோ "கானீ" என்றோ "ஆகலி" என்றோ சொல்வார். அதைக் கேட்ட பிறகுதான் கூவுகிறவர் "விட்டாச்சு" என்பார். அவர் அப்படிச் சொல்லும்வரை குவியலில் ஒரு காயைக்கூட யாரும் தொடமாட்டார்கள்.

"எங்க மாமனாரு அதே சந்தையில மூட்டை தூக்கினவருங்க மேடம்" என்றார் ஸ்டெல்லா. "ஒரு கூடை கொறைஞ்சா மொதல்ல எங்க தெருவுக்குத்தான் வருவாங்க. எடுத்திருக்க மாட்டோம், ஆனா வருவாங்க. அங்கயே இவரு கூவுற ஆளா நின்னாரு பாருங்க, அன்னிலருந்து கேக்காம ஒரு பழம் எடுத்ததில்லைங்க. புள்ளைங்களயும் எடுக்க விட்டதில்ல."

அந்தோணி இந்த முறை தலையை ஆட்டி மறுக்கவில்லை.

எங்கள் மருத்துவர் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "உடையவங்க போயிட்டாங்க அந்தோணி. அவங்களால சொல்ல முடியாது. அவங்க வீட்டுல ஒத்துக்கிட்டாங்க. யாருக்கு உதவுதோ அவங்களுக்குன்னு குடுத்திருக்காங்க."

எந்த ஊர் என்று உதடு கேட்டது.

"சொல்லக்கூடாதுங்க. எனக்கே தெரியாது. இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா, அதுகூடத் தெரியாது."

என்ன பாஷை என்று கேட்டது.

"அதுவும் தெரியாது."

அந்தோணி எழுந்து ஜன்னலுக்குப் போய்க் கொஞ்சநேரம் நின்றார். திரும்பிவந்து கையெழுத்துப் போட்டார். முகத்தில் தெளிவு இல்லை. மனைவிக்காகப் போட்டார் என்று நினைக்கிறேன்.

இனி ஆபரேஷன். எங்கள் மருத்துவர் எதை எப்படித் தைத்தார் என்பதற்குப் புத்தகங்கள் இருக்கின்றன. எங்கள் தியேட்டரில் இருந்த ஒரு முறையை மட்டும் சொல்கிறேன். மூச்சுக்குழாயைத் திறந்த பிறகு, வேலை செய்யும் இடமும் மூச்சு போகும் இடமும் ஒன்றே. அவருடைய ஊசியும் என்னுடைய குழாயும் அந்த விரற்கடை அகலத்துக்குள்தான். அதனால் மூச்சு யாரிடம் இருக்கிறது என்பதை வாய்விட்டுச் சொல்லித்தான் கைமாற்றுவோம். நான் குழாயை விலக்கும்போது "உங்ககிட்ட" என்பேன். "என்கிட்ட" என்று அவர் வாங்கிக்கொள்வார். திருப்பித் தரும்போதும் அப்படியே. பதில் வராமல் நான் விடமாட்டேன், அவரும் தொடமாட்டார். எத்தனையோ தடவை சேர்ந்து வேலை செய்த பிறகும், எத்தனை அவசரத்திலும், இதை நாங்கள் விட்டதில்லை.

கெட்டுப்போன பகுதியை வெட்டி எடுத்தார். ஸ்கேனில் தெரிந்ததைவிடக் கேடு நீளமாக இருந்தது. கழுத்தில் ஆரம்பித்த இடைவெளி நெஞ்செலும்புக்குப் பின்னால் வரை போனது. ஒரு மனிதனின் மூச்சுப்பாதையில் நடுவே ஒன்றுமே இல்லை. மேலே ஒரு முனை, கீழே ஒரு முனை, கீழ்முனையில் என்னுடைய குழாய். காற்று செலுத்தும் பையை நான் அழுத்தும்போதெல்லாம் அந்த ஓரம் மெல்ல விரிந்து அடங்கியது. எத்தனை வருடம் இந்த வேலை செய்திருந்தாலும், மூச்சைக் கண்ணால் பார்க்கும்போது கொஞ்சம் பயமாக இருக்கிறது. மரியாதையும் கலந்த பயம்.

பக்கத்து மேஜையில் உப்புநீர்க் கிண்ணத்தில் அந்தத் துண்டு. உறைவு நீங்கி, தந்த நிறத்தில், விரல் நீளத்துக்குக் கிடந்தது. பெயர் கிடையாது. யாரோ ஒருவர் இருந்த காலமெல்லாம், ஓடும்போதும் கோபப்படும்போதும் தூங்கும்போதும், அதன் வழியாக ரத்தம் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. இன்று முதல் அதே வழியில் இன்னொருவருக்குக் காற்று போகவேண்டும். தியேட்டரில் எல்லோருடைய கண்ணும் அங்கேதான். நர்ஸ் அந்தக் கிண்ணத்தைத் தாண்டும்போது சற்று ஒதுங்கி நடந்தார். எனக்கும் கைகூப்பத் தோன்றியது. கையில் பை இருந்ததால் கூப்பவில்லை.

அப்போதுதான், ரத்தத்தில் ஆக்சிஜன் குறையக் குறைய, மானிட்டரின் ஒலி இறங்க ஆரம்பித்தது.

வெட்டும்போது கசிந்த ரத்தம் நுரையீரலுக்குள் இறங்கிவிட்டது. "என்கிட்ட" என்றேன். "உங்ககிட்ட" என்று எங்கள் மருத்துவர் கையை எடுத்துக்கொண்டார். உறிஞ்சினேன், கழுவினேன், மறுபடி உறிஞ்சினேன். ஒலி மெல்ல ஏறியது. திரையில் ஆக்சிஜன் எண் ஒழுங்காகிவிட்டது. எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

"போலாமா மேடம்?" என்றார் அவர்.

எண் சரி. ஆனால் என் கையில் பை இறுகியிருந்தது. நுரையீரல் இன்னும் விறைப்பாகத்தான் இருந்தது. இந்த நிலையில் மூச்சை அவரிடம் கொடுத்தால், முதல் சில தையலுக்குள் ஒலி மறுபடி இறங்கும். பாதித் தையலில் நிறுத்தி என் குழாயை நுழைத்தால் துண்டு கிழியும். கிழிந்தால் வேறு துண்டு கிடையாது.

"வேண்டாம்" என்றேன்.

உதவிக்கு நின்ற இளம் மருத்துவருக்குப் பொறுக்கவில்லை. நல்ல பையன், கெட்டிக்காரன். "மேடம், சாச்சுரேஷன் நல்லாருக்கு. கிராஃப்ட் வெளிய எடுத்து வெச்சாச்சு. வீணாயிரும் மேடம்."

"வீணாகாது. உப்புத்தண்ணியில இருக்கு."

"இல்ல மேடம், இது எவ்ளோ கஷ்டப்பட்டு..."

அவர் முடிக்கவில்லை. முடிக்காமலே எனக்குப் புரிந்தது. ஒரு குடும்பம் அழுதுகொண்டே கொடுத்தது. அதைக் காக்க வைப்பது அவருக்குப் பாவமாகத் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்படித்தான் இருந்தது. வெளியே கம்பெனிச் சட்டையோடு ஸ்டெல்லா உட்கார்ந்திருக்கிறார். என் ஒரு வார்த்தையால் இது நின்று, ஓட்டையை மறுபடி வைத்து அந்தோணியை அனுப்பும்படி ஆகிவிட்டால், அவர் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? போகலாம் என்று சொல்லிவிட நாக்கு நுனி வரை வந்தது. பிள்ளைகளே, பயம் மட்டும்தான் கையை அவசரப்படுத்தும் என்று நினைக்காதீர்கள். பக்தியும் அவசரப்படுத்தும். அன்று கிண்ணத்தில் கிடந்தது ஒரு சாதாரண உலோகத்துண்டாக இருந்திருந்தால் அந்தப் பையன் என்னை அவசரப்படுத்தியிருக்க மாட்டான்.

எங்கள் மருத்துவர் என்னைப் பார்த்தார். எண்ணைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார். அப்புறம் ஸ்டூலைக் காலால் இழுத்து உட்கார்ந்தார். கையுறை போட்ட இரு கைகளையும் சுத்தமான துணியில் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். "மூச்சு உங்ககிட்ட இருக்கு. குடுக்கும்போது குடுங்க" என்றார்.

ஒரு மனிதனின் கழுத்து திறந்துகிடக்கிறது, மூச்சுப்பாதை நடுவில் இல்லை, விலைமதிக்க முடியாத துண்டு கிண்ணத்தில் கிடக்கிறது, அறுவை மருத்துவர் கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருப்பவரைப் போல உட்கார்ந்திருக்கிறார். நான் அழுத்தினேன், விட்டேன், அழுத்தினேன். பதறாத காரியம் சிதறாது என்று என் அம்மா சொல்வார், அவர் சொன்னது இட்லிமாவைப் பற்றி. அவரை நினைத்துக்கொண்டேன். ரத்தம் இன்னும் கொஞ்சம் வந்தது, எடுத்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள், நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஒரு கட்டத்தில் பை என் கையில் இளகியது. இளகியதும் உடனே சொல்லவில்லை. அது நிஜமாகவே இளகல்தானா, என் ஆசையா என்று சந்தேகம். இன்னும் சில மூச்சு பார்த்தேன். மெத்தென்று போனது, மெத்தென்று வந்தது.

"உங்ககிட்ட" என்றேன்.

அவர் எழுந்து துணியை விலக்கி, "என்கிட்ட" என்று வாங்கிக்கொண்டார்.

கீழ்முனையில் முதல் தையல் விழுந்தது. பிறகு மூச்சு அவருக்கும் எனக்குமாகக் கைமாறிக்கொண்டே இருந்தது. ஒலி ஒருமுறைகூட இறங்கவில்லை. கடைசித் தையலுக்குப் பிறகு, தைத்த துண்டின் வழியாக முதல் மூச்சை நான் செலுத்தியபோது, அந்தத் தந்த நிறச் சுவர் லேசாக எழுந்து தணிந்தது. இறந்துபோன ஒருவரின் குழாய் மூச்சு விட்டது. அந்த இளம் மருத்துவர் முகமூடிக்கு மேலே கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கி, கையுறை நினைவு வந்து அப்படியே நிறுத்திக்கொண்டார். நான் அழுதேன். எனக்குத் துடைக்கத் தடையில்லை.

அதோடு முடியவில்லை. ஸ்டென்டின் மேல்முனை குரல்நாண்களை ஒட்டி நின்றதால், அது இருக்கும்வரை குரலெழுப்பத் தடை. ஓட்டையும் இருந்தது. இருமல், சளி, இரண்டு முறை காய்ச்சல். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போய்விடுமோ என்று ஸ்டெல்லா ஒவ்வொரு முறையும் என் முகத்தைப் படிப்பார். உதடு படித்துப் பழகியவரிடம் முகத்தை மறைக்க முடியாது.

மாதங்கள் கழித்து ஸ்டென்டை எடுத்தோம். பிறகு ஒரு காலையில், அந்தோணி விழித்திருக்கும்போதே, மரப்பு மருந்து அடித்து, மூக்கு வழியாக மெல்லிய ஸ்கோப்பை இறக்கிப் பார்த்தோம். ஸ்டெல்லாவும் அறையில் இருந்தார். திரையில் குரல்நாண்கள் தெரிந்தன. அவற்றைத் தாண்டி இறங்கினோம். வெளிறிய தந்த நிறத்தைத் தேடினேன், காணவில்லை. சுற்றிலும் இளஞ்சிவப்பு. ஈரப் பளபளப்பு. அந்தோணியின் சொந்தச் சவ்வு இரண்டு முனைகளிலிருந்தும் ஊர்ந்து வந்து, யாரோ ஒருவரின் தமனிமேல் படர்ந்து மூடியிருந்தது. எது அவருடையது, எது அந்த இன்னொருவருடையது என்று எங்களாலேயே கோடு கிழிக்க முடியவில்லை. இதை நாங்கள் செய்யவில்லை. நாங்கள் தைத்தோம், காத்திருந்தோம், அவ்வளவுதான்.

எங்கள் மருத்துவர் ஸ்கோப்பை வெளியே எடுத்தார். படம் மட்டும் திரையில் நின்றது. அந்தோணியின் கழுத்து ஓட்டையின்மேல் பஞ்சை வைத்து விரலால் அழுத்தி, "பேசுங்க" என்றார்.

அந்தோணி ஸ்டெல்லாவைப் பார்த்தார். மனைவி பெயரைச் சொல்வார் என்று நினைத்தேன். அல்லது மாதாவே என்பார். அவர் திரும்பித் திரையில் இருந்த படத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். கரகரப்பாக, தகரத்தைத் தேய்ப்பது போல, ஆனால் குரல்தான், ஒரு குரல் வந்தது.

"சரக்குக்காரங்க யாருங்க?"

நிறுத்தினார். காத்திருந்தார்.

"சரக்கு எவரிதி?"

காத்திருந்தார். ஸ்டெல்லாவின் உதடும் சத்தமில்லாமல் கூடவே அசைந்துகொண்டிருந்தது. பழக்கம்.

"சரக்கு யார்து?"

எங்கள் மருத்துவர் பஞ்சை அழுத்திய விரலை எடுக்காமல் அப்படியே நின்றார். சந்தையில் கூட்டத்தின் பின்னாலிருந்து ஒருவர் வழி விலக்கிக்கொண்டு முன்னே வர எவ்வளவு நேரமாகுமோ, அவ்வளவு நேரம் அந்தோணி காத்திருந்தார். பதில் வரவில்லை. "விட்டாச்சு" என்று அவர் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். ஸ்டெல்லா வந்து அவர் தலைமேல் கையை வைத்தார்.

ஓட்டை மூடி ஆறி, அவர் இப்போது சந்தைக்குப் போகிறார். பழைய குரல் இல்லை, பஸ் ஸ்டாண்டு வரை கேட்காது, முதல் வரிசைக்குக் கேட்கிறது. மைக் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். வருடாந்திரப் பரிசோதனைக்கு ஸ்டெல்லாவோடு உங்களிடம்தான் வருகிறார். ஒவ்வொரு முறையும் மரப்பு மருந்துக்கு வாயைத் திறக்கும் முன்னால் அவர் மூன்று மொழியிலும் கூப்பிடுவார், ஒவ்வொன்றுக்கும் காத்திருப்பார். வரிசை நீளமாக இருக்கும். இருக்கட்டும். மருந்துப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நீங்களும் காத்திருங்கள்.

போன முறை உங்களுக்கு முன்னால் அங்கே இருந்த ஒருவர், நேரமாகிறதே என்றோ, அந்த மனிதர் மனம் குளிரட்டும் என்றோ, "ஆகட்டுங்க அந்தோணி" என்று பதில் சொல்லிவிட்டாராம். ஸ்டெல்லா போனில் சொன்னார். அந்தோணிக்குக் கோபமெல்லாம் இல்லையாம். அந்த டாக்டரைப் பார்த்துச் சிரித்து, உங்க சரக்கு இல்லீங்களே என்று சொல்லிவிட்டு, மறுபடியும் தமிழிலிருந்து ஆரம்பித்தாராம்.